சர்வதேச மனித உரிமைச் சட்டத்தில் எல்எல்எம்: வகுப்பு தொடங்குமுன் எதை, எப்படிப் படிப்பது?

நெய்தல்_பிஎல்

வணக்கம் நண்பர்களே. சர்வதேச மனித உரிமைச் சட்டத்தில் ஓராண்டு எல்எல்எம் (சட்ட முதுகலை) படிக்கப் போகிறேன், பிரிட்டனில். செப்டம்பர் கடைசியில் வகுப்பு, கையில் நாலு மாதம் இருக்கிறது. பிஎல்லில் மனித உரிமை ஒரு தாள், சர்வதேசச் சட்டம் ஒரு தாள், அவ்வளவுதான் பின்னணி. வாசிப்புப் பட்டியல் வந்துவிட்டது, தடிதடியாகப் பாடநூல்கள். வரிசையாக முடிப்பதா, வேறு வழி உண்டா?

ஆய்வேட்டுக்கு "பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களும் மனித உரிமைகளும்" என்று யோசனை. சரிப்படுமா? அப்புறம், ஐநா குழுக்கள் சொல்வது நாடுகளைக் கட்டுப்படுத்துமா என்பதில் நூலுக்கு நூல் வேறு பதில் இருக்கிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வழக்குக்கட்டு

பாடநூலை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் ஜூலையில் நின்றுவிடும். மூல ஆவணத்திலிருந்து தொடங்குங்கள். ஐசிசிபிஆர், அதாவது குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கை, மொத்தம் 53 உறுப்புகள்தான். பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கானது 31. இரண்டையும் ஒரு நாளில் படித்துவிடலாம். ஐசிசிபிஆரின் முதல் விருப்ப நெறிமுறையையும் (விரும்பும் நாடுகள் மட்டும் சேரும் துணை ஒப்பந்தம்) சேர்த்துக்கொள்ளுங்கள். ஐசிசிபிஆர் மீறலுக்காகத் தனிநபர் ஒரு நாட்டுக்கு எதிராகக் கொடுக்கும் முறையீடு எல்லாம் அதன் கீழ்தான் வருகிறது.

அடுத்தது பொதுக் கருத்துரைகள், அதாவது உடன்படிக்கைக்கு அதன் குழு எழுதும் விளக்கங்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ஐசிசிபிஆர் குழுவின் (இதன் பெயர்தான் மனித உரிமைகள் குழு) 31ஆவது (அரசின் கடமை, 2004), 29ஆவது (நெருக்கடி நிலை, 2001), 34ஆவது (கருத்துரிமை, 2011), 36ஆவது (உயிர் வாழும் உரிமை, 2018). கடைசியது 70 பத்தி, அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பொருளாதார உரிமைகள் குழுவில் 3ஆவது (1990) மட்டும் இப்போதைக்குப் போதும். அதில் 10ஆவது பத்தியில் வரும் "குறைந்தபட்ச அடிப்படைக் கடமை" ஆண்டு முழுக்க உங்களைத் துரத்தும்.

இதற்குப் பிறகு நேராக, முறையீடுகளில் குழு எடுத்த முடிவுகளுக்குப் போங்கள். இந்தப் படிப்பில் தேர்ச்சி என்பது முடிவு ஒன்றை முழுசாகப் படிக்கத் தெரிவதுதான். பாடநூல் ஒரு வழக்கை நாலு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த நாலு வரியையே கட்டுரையில் திருப்பி எழுதினால் திருத்துபவருக்கு உடனே தெரியும்.

முதலில் ஆவண எண்ணைப் படிக்கப் பழகுங்கள். உதாரணம்: சிசிபிஆர்/சி/81/டி/1033/2001. சிசிபிஆர் என்றால் உடன்படிக்கை, சி என்றால் அதன் குழு, 81 என்பது அமர்வு எண், டி என்றால் தனிநபர் முறையீட்டில் எடுத்த முடிவு, 1033 பதிவெண், 2001 முறையீடு பதிவான ஆண்டு. முடிவு வந்த ஆண்டு 2004. அது எண்ணிலேயே இல்லை! "2001இல் குழு தீர்ப்பளித்தது" என்று எழுதும் பிழை இதனால்தான் வருகிறது. டி இருக்கும் இடத்தில் நாட்டின் சுருக்கமும் சிஓ என்பதும் வந்தால் அது வழக்கு அல்ல, நாட்டறிக்கையைப் பரிசீலித்து எழுதும் இறுதி அவதானிப்புகள். இந்தியாவுக்கு 2024இல் வந்தது சிசிபிஆர்/சி/ஐஎன்டி/சிஓ/4.

மட்டுநகர் வாசகர்

வழக்குக்கட்டு எடுத்துக்காட்டின எண் சிங்கராசா எதிர் இலங்கை. தமிழ் வாசகர் ஒருவர் முதலில் படிக்க வேண்டிய முடிவு அதுதான் என்பேன். மொழி பற்றிய பிரச்சினை அதன் நடுவில் இருக்கு. படிப்புக்குத் தேவையான எல்லாச் சிக்கலும் அந்த ஒரே கோப்புக்குள்ளேயே வருது.

சுருக்கமாக: சிங்கராசா 1993 ஜூலையில் கைது. டிசம்பர் 11ஆம் திகதி குற்ற ஒப்புதல் வாக்குமூலம். எடுக்கும்போது கூட இருந்தது இரண்டே பேர், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் ஒரு கான்ஸ்டபிளும். அந்தக் கான்ஸ்டபிள்தான் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மொழிபெயர்த்தவர், தட்டச்சு செய்தவரும் அவரே. சிங்களம் தெரியாதவர் சிங்கள ஆவணத்தில் கைநாட்டு வைத்தார். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 16ஆம் பிரிவின்படி, வாக்குமூலம் சுயமாகக் கொடுக்கப்படவில்லை என்று நிரூபிக்கிற பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது. மேல் நீதிமன்றம் 1995இல் 50 வருடச் சிறை விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999 ஜூலை 6இல் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்து தண்டனையை 35 வருடமாகக் குறைத்தது. 2000 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

ஒரு எச்சரிக்கை. இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். தமிழ்நாட்டில் அதற்கு உச்ச நீதிமன்றம் என்று பெயர். எங்கட மேல் நீதிமன்றம்தான் கடுமையான குற்ற வழக்குகளை முதலில் விசாரிக்கும் இடம். இரண்டு நாட்டுத் தமிழ்ச் செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது இந்த இடத்தில் கட்டாயம் குழம்பும்.

2004இல் மனித உரிமைகள் குழு மீறல் என்று கண்டது: நியாயமான விசாரணை (14ஆம் உறுப்புரை 1ஆம் பந்தி), குற்றமற்றவர் என்ற ஊகம் (2ஆம் பந்தி), மேன்முறையீட்டில் தாமதம் (3இ), தனக்கெதிராகவே குற்றத்தை ஒப்புக்கொள்ள வற்புறுத்தல் (3எ, 2ஆம் உறுப்புரை 3ஆம் பந்தியோடும் 7ஆம் உறுப்புரையோடும் சேர்த்து). விடுதலை அல்லது மறு விசாரணை, நட்டஈடு, சட்டத் திருத்தம் என்று பரிகாரம் சொன்னது.

இதில் ஏற்புடைமைப் பகுதியை, அதாவது முறையீட்டை விசாரணைக்கு எடுக்கலாமா என்று பார்க்கிற பகுதியை, தாண்டிப் போய்விடாதேங்கோ. விருப்ப நெறிமுறை இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது 1998 ஜனவரி 3. குற்றத்தீர்ப்பு 1995. அப்படியென்றால் காலத்தால் அடிபட்டுப் போக வேண்டியதுதானே? குழு அடிபட விடவில்லை. மேன்முறையீட்டுத் தீர்ப்பும் உயர் நீதிமன்ற உத்தரவும் 1998க்குப் பிறகு வந்தவை, அவை முதல் விசாரணை நடந்த விதத்தையே உறுதிப்படுத்துகின்றன, ஆகவே பார்க்கலாம் என்றது. ஜனாதிபதி மன்னிப்பைக் கேட்டிருக்கலாமே என்ற அரசின் வாதத்தையும், அது அசாதாரண வழி, பயனுள்ள பரிகாரம் அல்ல என்று தள்ளியது.

குறிஞ்சிமலர்

மூல ஆவணம் முதலில் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு படி விட்டுப்போகிறது. இந்தப் படிப்பில் திணறுபவர்கள் மனித உரிமை தெரியாமல் திணறுவதில்லை, பொதுச் சர்வதேசச் சட்டம் தெரியாமல் திணறுகிறார்கள். வழக்காறு எப்படி உருவாகிறது, ஒப்பந்தத்தை எப்படிப் பொருள்கொள்வது (1969 வியன்னா உடன்படிக்கை, 31 முதல் 33 வரை), அரசுப் பொறுப்பு என்றால் என்ன, இந்த மூன்றும் கையில் இல்லாமல் ரிசர்வேஷன் (ஒப்பந்தத்தில் சேரும்போது சில உறுப்புகளுக்கு ஓர் அரசு போடும் விலக்கு) பற்றி ஒரு பக்கம்கூட எழுத முடியாது. நாலு மாதத்தில் முதல் மூன்று வாரத்தை இதற்கு ஒதுக்கச் சொல்வேன்.

இந்தியாவை வைத்தே பயிற்சி செய்யலாம். 1979 ஏப்ரல் 10இல் ஐசிசிபிஆரில் சேர்ந்தபோது இந்தியா சில அறிவிப்புகளைப் போட்டது. 1ஆம் உறுப்பின் சுயநிர்ணய உரிமை அந்நிய ஆட்சிக்கு உட்பட்ட மக்களுக்கு மட்டும் என்றது ஒன்று. நெதர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் எதிர்ப்புத் தெரிவித்தன. இன்னொன்று 9(5): சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு கோரும் உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை என்றது. பிறகு 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், அடிப்படை உரிமை மீறலுக்கு இழப்பீடு தருவது நிலைபெற்றுவிட்டதால் அந்த ரிசர்வேஷனுக்கு இனிப் பொருத்தமில்லை என்றது. அறிவிப்பு என்று பெயர் வைத்தால் அது ரிசர்வேஷன் ஆகாமல் போகுமா? உள்நாட்டு நீதிமன்றம் பொருத்தமில்லை என்றால் ஜெனீவாவில், குழுவின் முன் அது தானாக விழுமா? விழாது, அரசு முறைப்படி திரும்பப் பெற வேண்டும். குழுவின் 24ஆவது பொதுக் கருத்துரையை (1994) பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். முதல் பருவக் கட்டுரைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

நெய்தல்_பிஎல்

மிக்க நன்றி. மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது. குழுவின் முடிவு கட்டுப்படுத்துமா?

வழக்குக்கட்டு

"ஆம்", "இல்லை" இரண்டுமே அங்கே மதிப்பெண் வாங்காது. மூன்று அடுக்காகப் பிரியுங்கள்.

உடன்படிக்கை கட்டுப்படுத்தும். அதில் தகராறு இல்லை. குழுவின் முடிவுக்கு விருப்ப நெறிமுறை வைத்த பெயர் "கருத்துகள்", தீர்ப்பு அல்ல. அதன் வாசகத்தில் கட்டுப்படுத்தும் என்று எங்கும் இல்லை. ஆனால் 33ஆவது பொதுக் கருத்துரையில் (2008) குழு சொல்வது: இவை நீதிமுறைத் தன்மை கொண்டவை, உடன்படிக்கையே நிறுவிய அமைப்பு அதிகாரபூர்வமாகச் சொல்பவை, அரசு நல்லெண்ணத்தோடு ஒத்துழைக்கக் கடமைப்பட்டது.

மூன்றாவது, மற்ற நீதிமன்றங்கள் இதற்கு என்ன எடை தருகின்றன என்பது. 2010 நவம்பர் 30இல் டியாலோ வழக்கில் சர்வதேச நீதிமன்றம், குழுவின் பொருள்கோளுக்குப் "பெரும் எடை" தர வேண்டும் என்றது. பின்பற்றியே ஆக வேண்டிய கட்டாயம் தனக்கில்லை என்றும் அங்கேயே சொன்னது. பலர் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2021 பிப்ரவரியில் கத்தார் எதிர் ஐக்கிய அரபு அமீரகம் வழக்கில், "தேசிய மூலம்" என்பதில் தற்போதைய குடியுரிமை அடங்குமா என்ற கேள்வியில், இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவின் நிலைப்பாட்டை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் "எடை" என்ற சொல்லின் அளவு புரியும்.

மட்டுநகர் வாசகர்

நாலாவது அடுக்கு ஒன்று இருக்கு, உள்நாட்டு நீதிமன்றம். சிங்கராசா கோப்பு ஜெனீவாவோடு முடியவில்லை. குழுவின் முடிவை வைத்து அவர் இலங்கை உயர் நீதிமன்றத்திடம் மீளாய்வு கேட்டார். 2006 செப்டம்பர் 15இல் ஐந்து நீதியரசர் ஆயம் மறுத்தது. காரணம்: 1980இல் ஐசிசிபிஆரில் (எங்கட சட்டத் தமிழில் சமவாயம்) சேர்ந்தது சரி, ஆனால் சட்டமாக்காமல் உள்நாட்டில் அதற்கு விளைவு இல்லை. 1997இல் நெறிமுறையில் சேர்ந்ததோ நீதி அதிகாரத்தை வெளியே உள்ள ஒரு குழுவுக்குக் கொடுத்தது போல, அது அரசியலமைப்பின் 3, 4(இ), 105(1) உறுப்புரைகளுக்கு முரண், ஜனாதிபதிக்கு அந்த அதிகாரமே இல்லை.

இங்கே கேள்வி கூர்மையாகுது. கருத்து சொல்கிற அதிகாரத்தை நீதி அதிகாரம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது சரியா? குழு தன் முடிவுகள் தீர்ப்புக்கு நிகர் என்று எவ்வளவு வற்புறுத்துதோ, அந்த அளவுக்கு இப்படியான உள்நாட்டு எதிர்ப்புக்குக் கதவு திறக்கிறதா? உள்நாட்டுச் சட்டத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை மீறேலாது என்ற வியன்னா 27ஆம் உறுப்புரை ஒரு பக்கம், அதற்கு விலக்கான 46 மறுபக்கம். சர்வதேச மட்டத்தில் இலங்கை இன்றைக்கும் நெறிமுறைக்குத் தரப்புத்தான், விலகவில்லை. அடுத்த வருடம் 2007இல் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம் வந்தது. அதில் எந்தெந்த உரிமைகள் எடுக்கப்பட்டன, எவை விடப்பட்டன என்று சமவாயத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டால் ஒரு பின்னேரம் பயனாய்ப் போகும்.

தாழ்வாரம்

இந்தியாவுக்கு முதல் விருப்ப நெறிமுறையே இல்லை, சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்து, இன்றுவரை ஏற்புறுதி இல்லை. ஆகவே இந்தியக் குடிமகன் இந்திய அரசுக்கு எதிராக இந்தக் குழுக்களில் முறையிட வழி கிடையாது. பாதிக்கப்பட்டவருக்கு யாராவது "ஐநாவில் வழக்குப் போடலாம்" என்று நம்பிக்கை கொடுத்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். அவருடைய நேரம் போகும், உள்நாட்டுக் கெடுவும் போகும். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கே 1993ஆம் ஆண்டுச் சட்டம் 36(2) வைத்த எல்லை ஓராண்டு. எஞ்சியிருப்பது சிறப்பு அறிக்கையாளர்களுக்குக் கடிதம், தன்னிச்சைக் காவல் பற்றிய பணிக்குழு. இவற்றுக்கு உடன்படிக்கை ஏற்பு தேவையில்லை.

உடன்படிக்கை இந்திய நீதிமன்றத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் இங்கிருந்து போகிறவருக்கு வலுவான களம். அரசியலமைப்பின் 51(இ), 253 உறுப்புகள், உச்ச நீதிமன்றத்தின் விசாகா 1997, புட்டசாமி 2017 தீர்ப்புகள். விசாகாவில் பெண்களுக்கு எதிரான பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையை வைத்து, சட்டமே இல்லாத இடத்தில் நெறிமுறைகள் வந்தன.

பெயர்க் குழப்பத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். நம் செய்தித்தாள்களில் எல்லாமே "ஐநா மனித உரிமை ஆணையம்". உண்மையில் ஆணையம் என்பது 1946 முதல் 2006 வரை இருந்து கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்தது மனித உரிமைகள் பேரவை, 47 நாடுகள், அரசியல் அமைப்பு. இலங்கை பற்றிய 30/1, 46/1 தீர்மானங்கள் அங்கே வந்தவை. மனித உரிமைகள் குழு என்பது 18 நிபுணர்கள், ஐசிசிபிஆருக்கு மட்டும். உயர் ஆணையரின் அலுவலகம் வேறு. ஆங்கிலச் சுருக்கத்தில் பேரவையும் குழுவும் ஒரே மூன்றெழுத்து. அடிக்குறிப்பில் மாறிப்போனால் வாதமே மாறிப்போகும்.

குறிஞ்சிமலர்

இன்னொரு வழக்கமான பிழை: ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத் தீர்ப்புகளை எல்லா இடத்திலும் போடுவது. தேட எளிது, எண்ணிக்கை அதிகம், அதனால் கை தானாக அங்கே போகிறது. ஆனால் அது வேறு ஒப்பந்தம், வேறு கோட்பாடு. அரசுக்கு விடும் "மதிப்பீட்டு இடைவெளி" அங்கே மையம். ஐசிசிபிஆர் குழு 34ஆவது கருத்துரையின் 36ஆவது பத்தியில் அதை வெளிப்படையாகவே ஒதுக்குகிறது. ஐரோப்பாவில் முறையிடும் கெடு 2022 பிப்ரவரி முதல் நாலு மாதம். ஐசிசிபிஆர் குழுவில் கறாரான கெடு இல்லை, ஆனால் உள்நாட்டு வழி முடிந்து ஐந்தாண்டு கடந்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒன்றை மற்றொன்றில் ஒட்டாதீர்கள்.

வழக்குக்கட்டு

ஆய்வேட்டுக்கு வருவோம். "பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களும் மனித உரிமைகளும்" என்பது தலைப்பு அல்ல, ஒரு நூலகத்தின் ஓர் அலமாரி. பிரிட்டனில் எல்எல்எம் மொத்தம் 180 கிரெடிட், பல இடங்களில் ஆய்வேட்டுக்கு 60. சொல் எல்லையும் அடிக்குறிப்பு அதில் சேருமா என்பதும் உங்கள் துறைக் கையேட்டில் இருக்கும், முதல் நாளே பாருங்கள். 15,000 சொல் என்று வைத்தாலும், முன்னுரைக்கும் முடிவுக்கும் 2,500 போனால் மூன்று அத்தியாயத்துக்குத் தலா நாலாயிரம்தான். அதில் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியும்.

சுருக்கும் வழி: நாடா, உறுப்பா, அமைப்பா, காலமா என்று நாலையும் பூட்டுங்கள். "இலங்கைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு" என்றால் நாடு பூட்டியாயிற்று. "14ஆம் உறுப்பின் 3எ" என்றால் உரிமை. "மனித உரிமைகள் குழுவின் முடிவுகளில்" என்றால் அமைப்பு. பிறகு ஆண்டு. இந்த நாலும் பூட்டியபின் ஐந்து முடிவுகூடத் தேறவில்லை என்றால் ஒரு பூட்டைத் திறக்கலாம்.

பாதிக்கப்பட்டவர்களை நேர்காணல் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். ஓராண்டுப் படிப்பில் அதைத் தவிர்ப்பது நல்லது. நெறிமுறைக் குழு ஒப்புதல் வாரக்கணக்கில் இழுக்கும், கோடையில் இன்னும் மெதுவாகும். அதைவிட முக்கியம், காவலில் துன்பப்பட்டவரை மறுபடி பேச வைப்பது விளையாட்டல்ல. பதிவு வெளியே போனால் ஆபத்து அவருக்கு, மாணவருக்கு அல்ல. வெளியான முடிவுகளிலேயே அவர்கள் சொன்னது இருக்கிறது. "முறையீட்டாளர் கூறும் உண்மைகள்" என்று வரும் தொடக்கப் பத்திகளை அந்த மரியாதையோடு படியுங்கள்.

தாழ்வாரம்

பணம் பற்றி இரண்டு வரி. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம், அதாவது 2,800 மணி நேரம் காட்ட வேண்டும், முடித்தபின் இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்குப் போகிறவர்கள் தலைப்பில் கவனமாக இருங்கள். 2022-23 வழிகாட்டுதலில் இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகள் விலக்கப்பட்டன. பெரும்பாலும் பட்டியல் சாதி மாணவர்களுக்காக இருக்கும் உதவித்தொகையில் சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆராய முடியாது என்பது பெரிய அநியாயம். விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டுதலை வரி விடாமல் படித்துவிட்டு ஆய்வு முன்மொழிவை எழுதுங்கள். ஐநா செயலகத்தில் பயிற்சிப் பணிக்குச் சம்பளம் கிடையாது, ஜெனீவா வாடகையை யோசித்துத் திட்டமிடுங்கள்.

நெய்தல்_பிஎல்

நாலு பூட்டும் போட்டுப் பார்த்தேன். இது சரியா: "விருப்ப நெறிமுறை நடைமுறைக்கு வருமுன் நடந்த குற்ற விசாரணையை, பின்னால் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பைக் கொண்டு மனித உரிமைகள் குழு எந்தச் சூழ்நிலைகளில் விசாரணைக்கு ஏற்கிறது?"

மட்டுநகர் வாசகர்

வடிவான கேள்வி. நாடு பூட்டவில்லை, அது பரவாயில்லை, ஒரு நாட்டை மட்டும் வைத்தால் வழக்கு போதாது. பதிலாக "14ஆம் உறுப்புரையின் கீழ்" என்று சேருங்கோ. இல்லாவிட்டால் காணாமல் ஆக்கப்பட்டோர் வழக்குகளும் உள்ளே வந்துவிடும். அவற்றில் மீறல் தொடர்ந்துகொண்டே இருக்குது, அது வேறு வாதம். ஏற்காமல் தள்ளின முடிவுகளையும் கட்டாயம் எடுங்கோ. ஏற்றதை மட்டும் சேர்த்தால் "எந்தச் சூழ்நிலையில்" என்பதற்குப் பதில் வராது.

வழக்குக்கட்டு

உயர் ஆணையர் அலுவலகத்தின் ஜூரிஸ் தளத்தில் தேடலாம், நாடு வாரியாகவும் உறுப்பு வாரியாகவும் வடிகட்டும் வசதி உண்டு. ஒவ்வொரு முடிவின் கடைசியிலும் உறுப்பினரின் தனிக் கருத்து இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், காலம் பற்றிய சண்டை பெரும்பாலும் அங்கேதான் நடக்கும்.

ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள், ஐந்து நிரல்: பதிவெண், நெறிமுறை அந்த நாட்டுக்கு வந்த நாள், முதல் தீர்ப்பு நாள், கடைசி மேல்முறையீட்டு உத்தரவு, குழு சொன்னது. முதல் வரிசையில் சிங்கராசா: 1033/2001, 1998 ஜனவரி 3, 1995 செப்டம்பர் 29, 2000 ஜனவரி 28, ஏற்றது.